குவாரிப் பக்கத்துக்குப் பஸ் வராத காரணம்

திட்ட அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், ஒரே அறையில், இரண்டு மேசைகள் எதிரும் புதிருமாகக் கிடந்தன. ஒன்று புள்ளியம்மாவுடையது. மற்றது அவளுடைய சம்பந்தியுடையது. நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கிற அளவுக்குத்தான் இடம். அந்த இரண்டடியைத் தாண்டி ஆறு வருஷமாக ஒரு வார்த்தை போய்வந்ததில்லை. எதைச் சொல்வதானாலும் சீட்டில் எழுதி, வெளியே உட்கார்ந்திருக்கும் தட்டச்சுக்காரியிடம் கொடுப்பார்கள். அவள் அதைப் பதிவேட்டில் ஏற்றி, முத்திரை குத்தி, எழுந்து வந்து எதிர்மேசையில் வைப்பாள். மின்விசிறியைக் குறைக்கச் சொல்வதற்கும் இதே வழிதான். ஒரு மழைக்காலத்தில் அந்தச் சீட்டு போய்ச் சேர்வதற்குள் புள்ளியம்மாவுக்குச் சளி பிடித்துவிட்டது.

புள்ளியம்மா என்பது அலுவலகம் வைத்த பெயர். வேலை அப்படி. சுற்றுவட்டாரத்தில் பதினோரு நகராட்சிகள். எவர் வீடு கட்டினாலும் அந்தந்த நகராட்சியில் கட்டட அனுமதி வாங்கியாக வேண்டும். மாதாமாதம் அந்த அனுமதிப் பட்டியல்கள் பதினொன்றும் இவள் மேசைக்கு வரும். எந்தப் பக்கம் எத்தனை வீடு என்று கூட்டி, ஐம்பது வீட்டுக்கு ஒரு சிவப்புப் புள்ளியாக, சுவரை அடைத்துக்கொண்டிருக்கும் வரைபடத்தில் ஒட்டுவாள். இன்றைக்கு அனுமதி வாங்குகிறவன் இரண்டு வருஷத்தில் குடியேறுவான், மூன்றாவது வருஷம் பஸ்ஸுக்கு வந்து நிற்பான், அவன் வந்து நிற்பதற்குள் பஸ் வந்து நிற்க வேண்டும் என்பது அவள் கட்சி. புள்ளி கூடுகிற பக்கத்துக்குப் பஸ் தடம் போடுவது எதிர்மேசைக்காரரின் வேலை. இவள் ஒட்டாமல் அவர் ஓட்ட முடியாது. அப்படிப்பட்ட இரண்டு பேர்தான் பேசாமல் இருந்தார்கள்.

பேச்சு நின்ற கதை சின்னதுதான். ஆறு வருஷத்துக்கு முன்னால் இவள் புள்ளியை நம்பி ஒரு புறநகருக்கு அவர் பஸ் விட்டார். வீடு கட்டுகிறேன் என்றவன் பாதியில் கம்பி நீட்டிவிட்டான். மூன்று மாதம் அந்தப் பஸ் காற்றை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு வந்தது. வருடாந்திரக் கூட்டத்தில், முப்பது பேர் முன்னிலையில், "அம்மா காகிதத்துல வீடு கட்டுறாங்க, நான் அதுக்கு பஸ் விடுறேன். அடுத்த தடவை பஸ்ஸையும் காகிதத்துலயே செஞ்சுடலாம்" என்றார் அவர். முப்பது பேரும் சிரித்தார்கள். இயக்குநரும் சிரித்தார். புள்ளியம்மாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அந்த மனுஷன் கையெழுத்துப் போட்ட எதையும் இனி இந்தக் கண்ணால் படிப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டினாள். அவரிடமிருந்து வரும் சீட்டு, கடிதம், குறிப்பு எதுவானாலும் மூலையில் 'பார்த்தேன்' என்று சுருக்கொப்பம் போட்டு, இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டில் தள்ளிவிடுவாள். 'அவசரம்' என்று தலைப்பில் போட்டதை மட்டும் தட்டச்சுக்காரி வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போவாள்.

இந்த லட்சணத்தில்தான் இவள் மகளும் அவர் மகனும் காதலித்துத் தொலைத்தார்கள். சாயந்திரம் பெற்றவர்களைக் கூட்டிப் போக வருகிறோம் என்று அலுவலக வாசலில் நின்று நின்று, அவர்கள் மட்டும் பேசிப் பழகிவிட்டார்கள். இரண்டு வீட்டிலும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "போயும் போயும் அந்த வீட்டுலயா?" பிள்ளைகள் பிடித்த பிடியை விடவில்லை. பதிவு அலுவலகத்தில் கல்யாணம் முடிந்தது. எடுத்த ஒரே புகைப்படத்தில் சம்பந்திகள் இருவரும் ஆளுக்கொரு ஓரத்தில், படத்தை விட்டு வெளியே போகப் பார்க்கிறவர்கள் போல நிற்கிறார்கள்.

மகளும் மாப்பிள்ளையும் ஊருக்குத் தெற்கே, கல்குவாரிக்கு மேலே எழும்பிய புதுக் குடியிருப்பில் வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். நெடுஞ்சாலையில் பஸ் நிற்கும். அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் மேட்டில் நடை. மகளுக்கு மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை, காலை ஆறு மணி முறை. மாப்பிள்ளையை ஆலை வண்டி எதிர்த்திசையில் ஏற்றிக்கொண்டு போய்விடும். கல் லாரி ஓடி ஓடிக் குதறிப் போட்ட சாலை அது. ஆட்டோக்காரர்கள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள். இப்போது மகளுக்கு ஏழாம் மாதம். இருசக்கர வண்டி கூடவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆக, விடிந்தும் விடியாமலும் வயிற்றைத் தாங்கிக்கொண்டு லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்தாள்.

"அம்மா, இந்தப் பக்கம் ஒரு பஸ் விடச் சொல்லும்மா" என்று மகள் தொலைபேசியில் கேட்காத வாரமில்லை.

"உங்க பக்கம் ரெண்டே புள்ளிதான்டி இருக்கு."

"புள்ளியா? எங்க தெருவுலயே எண்பது வீடு இருக்கும்மா. காலையில என்கூட நூறு பேர் நடக்குறாங்க."

"அவங்கவங்க தெரு அவங்கவங்களுக்குப் பெருசாத்தான் தெரியும். பெத்த பொண்ணுன்னு கணக்கை மாத்தச் சொல்றியா?"

"நீ ஒரு நடை வந்து பாத்துட்டுச் சொல்லேன்."

புள்ளியம்மா இரண்டு தடவை போயிருக்கிறாள், அவர்கள் குடிபோன புதிதில், வாடகைக் காரில். அப்போது அங்கே சாரம் கட்டிய சுவர்கள்தான் நின்றன. இரண்டாவது தடவை வாசலில் சம்பந்தியின் செருப்பைப் பார்த்துவிட்டு அப்படியே காரைத் திருப்பச் சொன்னாள். அதற்குப் பிறகு போகவில்லை. கண்ணால் பார்த்துக் கணக்குச் சொல்வது தன் தொழிலுக்கே இழுக்கு என்று வேறு நினைத்தாள். மகளுக்காகக்கூடத் தன் புள்ளி நகராது என்பதில் அவளுக்கு அப்படியொரு பெருமை. அந்தப் பெருமையை நாலு பேரிடம் சொல்லியும் வைத்தாள்.

அந்த வருஷம் ஒரே ஒரு புதுத் தடத்துக்குத்தான் இடம் இருந்தது. ஏரிப்பக்கத்தில் இருபத்திரண்டு புள்ளி, குவாரிப் பக்கத்தில் இரண்டு. எந்தப் பக்கத்துக்குப் போட வேண்டும் என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் சம்பந்தி தயாரித்த வரைவில் புதுத் தடம் குவாரிக்குப் போயிருந்தது. தட்டச்சுக்காரி அதைப் படித்துக் காட்டியதும் புள்ளியம்மாவுக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. மாட்டட்டும் என்று ஆறு வருஷமாக இவள் காத்திருந்த ஆள் கையும் களவுமாக அகப்பட்டுவிட்டார். உட்கார்ந்த இடத்திலேயே மூன்று பக்கம் எழுதினாள்: தடப் பிரிவு அதிகாரி தன் மகன் வீட்டு வாசலுக்குப் பொதுப் பஸ்ஸைத் திருப்புகிறார், என் கணக்குப்படி அங்கே ஆளே இல்லை, இவரை அந்தப் பிரிவிலிருந்து நீக்க வேண்டும். விசாரணை வியாழக்கிழமைக் கூட்டத்தில். அன்றைக்கு முடிவாகிற தடத்தை ஐந்து வருஷத்துக்கு யாரும் தொட முடியாது.

"அம்மா, மாமா எனக்காகத்தானேம்மா கேட்டிருக்காரு?" என்றாள் மகள்.

"அதுதான்டி தப்பே" என்று போனை வைத்துவிட்டாள் புள்ளியம்மா.

புகார் கொடுத்தால் போதுமா, ஆதாரம் வேண்டாமா? திங்கட்கிழமை காலை, ஏரிப்பக்கத்துக் கூட்டத்தைப் படம் பிடித்து வரலாம் என்று கிளம்பினாள். அந்தப் பக்கம் ஏற்கெனவே ஓடுகிற பஸ்ஸில் ஏறினாள். அவளோடு சேர்த்து நாலு பேர். மூன்று பேர் வழியில் இறங்கிவிட்டார்கள். கடைசி நிறுத்தத்தில் நடத்துநர் கொட்டாவி விட்டபடி, "எங்கம்மா போகணும்?" என்றார்.

"இங்க குடியிருப்பு எந்தப் பக்கம்?"

"எந்தக் குடியிருப்பு?"

"ஆயிரத்து நூறு வீடு."

நடத்துநர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நாலு வருஷமா இந்த வண்டியில வர்றேன். அந்தப் பக்கம் தண்ணி, இந்தப் பக்கம் புல்லு. ஆயிரத்து நூறு வாத்து வேணா இருக்கும்."

புள்ளியம்மா பையிலிருந்த அனுமதிப் பட்டியலை எடுத்தாள். இத்தனை வருஷத்தில் தெருப் பெயரைத் தாண்டிக் கதவு எண் வரை அவள் படித்ததே இல்லை. எந்தப் பக்கம் என்று தெரிந்தால் அவளுக்குப் போதும். இப்போது படித்தாள். எண் பன்னிரண்டு, இரண்டாம் மாடி. அடுத்த வரியும் எண் பன்னிரண்டு, இரண்டாம் மாடி. பக்கம் பக்கமாகப் புரட்டினாள். ஆயிரத்து எண்பது வீடுகள் ஒரே கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தன.

வந்த வழியே திரும்பி அந்த முகவரியைத் தேடிப் போனாள். கீழே டயர் கடை, மேலே கண்ணாடிக் கதவு. அது வீடு கட்டி விற்கிற ஒரு கம்பெனியின் அலுவலகம். வரவேற்பில் இருந்த பெண் எழுந்தே நின்றுவிட்டாள்.

"வீடு பாக்க வந்தீங்களாம்மா? இங்க ஆபீஸ் மட்டும்தான். வீடெல்லாம் குவாரிப் பக்கம். ஆயிரத்து எண்பதும் முடிஞ்சு ஆளுங்க வந்துட்டாங்க. இன்னும் ஐந்நூறு வருது. உக்காருங்க, படம் காட்டுறேன்."

"அங்க பஸ் இருக்கா?" என்றாள் புள்ளியம்மா.

"வந்துடும்மா. திட்ட ஆபீஸ்ல கணக்கெடுத்துக்கிட்டு இருக்காங்களாம்."

திரும்பி வந்ததும் தெற்கு நகராட்சிக்குப் போன் போட்டாள். ஏரியும் குவாரியும் அந்த ஒரே நகராட்சிக்குள்தான் வருகின்றன. எடுத்த எழுத்தர் அலுத்துக்கொண்டார். "என்னம்மா இது, நாலு வருஷம் முன்னாடியே படிவத்தை மாத்திட்டோமே. மூணாவது கட்டத்துல இப்ப விண்ணப்பம் போடுறவரோட முகவரிதான் இருக்கும். கட்டுற இடம் ஏழாவது கட்டத்துல. சுற்றறிக்கை அனுப்பினோமே, உங்க தடப் பிரிவு வழியா."

மற்ற பத்து நகராட்சிகளிலும் கட்டும் இடம் மூன்றாவது கட்டத்தில்தான். பட்டியலில் மூன்றாவது கட்டத்தை மட்டும் ஏற்றி அனுப்பினால் போதும் என்று நகராட்சி எழுத்தர்களுக்குச் சொல்லி வைத்ததும் புள்ளியம்மாதான்.

அலமாரியின் முன்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். கீழ்த்தட்டில் ஆறு வருஷக் காகிதம் அடைந்து கிடந்தது. தூசியில் தும்மிக்கொண்டே நாலு வருஷ ஆழத்துக்குத் தோண்டினாள். கிடைத்தது. நகராட்சியின் சுற்றறிக்கை, அதன் மேல் சம்பந்தியின் கையெழுத்தில் ஒரு குறிப்பு: 'மூன்றாவது கட்டம் மாறியுள்ளது. அம்மா அவசியம் கவனிக்கவும்.' அவசியம் என்பதன் அடியில் இரண்டு சிவப்புக் கோடு. மூலையில் 'பார்த்தேன்' என்று இவள் ஒப்பம், நல்ல அழுத்தமாக. எதிர்மேசையில் சம்பந்தி தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவள் காகிதத்தை மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு எழுந்தாள்.

அவமானம் ஒரு பக்கம் இருக்கட்டும். இத்தனை நாளாக அந்த மேட்டில் நடந்தவர்களுக்கெல்லாம் பஸ் வராததற்குக் காரணம் தன் ஒப்பம் என்பது அவளுக்கு நன்றாகவே உறைத்தது. அதில் ஒருத்தி தன் மகள் என்பது இன்னும் உறைத்தது. அழுகைகூட வந்தது. ஆனாலும் அவள் என்ன செய்தாள் தெரியுமா? நேரே போய் ஒத்துக்கொண்டாளா? அதுதான் இல்லை. புதன்கிழமை எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் இருபத்தோரு புள்ளிகளை நகத்தால் பெயர்த்து ஏரியிலிருந்து குவாரிக்கு நகர்த்தினாள். புது அட்டவணை ஒன்று தயாரித்து, தலைப்பில் 'அண்மைத் தகவலின்படி திருத்தப்பட்டது' என்று போட்டாள். மகளுக்கும் பஸ் வந்துவிடும், தனக்கும் தலை தப்பிவிடும். அந்த மனுஷன் முன்னால் மட்டும் தலை குனியக் கூடாது.

வியாழக்கிழமை கூட்டத்தில் அதே முப்பது பேர். இயக்குநர் புகாரை எடுத்ததும் புள்ளியம்மா எழுந்தாள்.

"ஐயா, புதுத் தகவல் வந்திருக்கு. அதன்படி பாத்தா குவாரிப் பக்கத்துக்கே தடம் போடலாம். என் புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன்."

இயக்குநர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. பேனாவைத் திறந்தார். அப்போது சம்பந்தி தொண்டையைக் கனைத்தார்.

"புதுத் தகவலா? எந்த வருஷத்துப் புதுசு, சம்பந்தியம்மா?"

ஆறு வருஷத்துக்குப் பிறகு அவர் அவளிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. கையில் முப்பது நகல்கள் வைத்திருந்தார். ஒவ்வொருவர் முன்னாலும் ஒன்றாக வைத்துக்கொண்டே போனார். சுற்றறிக்கை, சிவப்புக் கோடு, இவள் ஒப்பம். ஒப்பம் விழுந்ததும் நகல் எடுத்து வைப்பது தட்டச்சுக்காரியின் பதிவேட்டு வழக்கம், அதிலிருந்து எடுத்திருக்கிறார். புள்ளியம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"நாலு வருஷம்" என்றார் சம்பந்தி, ஒவ்வொரு சொல்லையும் சப்புக்கொட்டி. "அம்மா பாத்திருக்காங்க. ஒப்பம் போட்டிருக்காங்க. ஆயிரத்து எண்பது வீட்டை ஒரு டயர் கடை மாடியில ஏத்தி வெச்சிருக்காங்க. என்னடான்னா, நான் மகனுக்காகத் தடம் போட்டேனாம்."

முப்பது பேரும் சிரித்தார்கள். இந்தத் தடவை இயக்குநர் சிரிக்கவில்லை. நகலைப் பார்த்தபடியே, "உங்களுக்கு இது எப்பத் தெரியும்?" என்று சம்பந்தியிடம் கேட்டார்.

"போன வருஷம். ஏரிப்பக்கம் பஸ் காலியா ஓடுதே, எதுக்குன்னு தோண்டிப் பாத்தேன்."

"ஒரு வருஷமா ஏன் சொல்லல?"

"மூணு சீட்டு எழுதினேன் ஐயா. பதிவேட்டுல இருக்கு."

"ரெண்டடி தள்ளித்தானே உக்காந்திருக்காங்க? உங்களுக்கு வாய் இல்லையா?"

சம்பந்தி உட்கார்ந்துகொண்டார். "அவங்களா வந்து கேக்கட்டும்னு இருந்தேன்."

"சரி, என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

சொல்லியிருந்தால் அறைக்குள் முடிந்து போயிருக்கும். முப்பது பேர் முன்னால் சொல்ல வேண்டும் என்று ஒரு வருஷம் அடைகாத்திருக்கிறார். அது அங்கே இருந்த எல்லாருக்கும் புரிந்தது.

புள்ளியம்மாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான், அதைச் சொல்லாமல் விடக் கூடாது. ஆளும் மாட்டினாரே என்ற சந்தோஷம். அதன் பிறகுதான் ஒரு வருஷம் என்பது மண்டையில் ஏறியது. நாளுக்கு ஆறு கிலோமீட்டர் வீதம் ஒரு வருஷம்.

"உன் பேரப்பிள்ளைய வயித்துல சுமந்துக்கிட்டு நடக்குறாளேய்யா! தெரிஞ்சுமா வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தே?"

"கண்ணை மூடிக்கிட்டு ஒப்பம் போட்டது யாரு? நானா?"

"உன் கையெழுத்தைப் பாத்தாலே எனக்குக் குமட்டுது!"

"உங்க கணக்கைப் பாத்தா ஊருக்கே குமட்டுது!"

இயக்குநர் மேசையை ஓங்கித் தட்டினார். குவாரித் தடம் மூன்று நிமிஷத்தில் தீர்மானமாயிற்று. இரண்டு பேருக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம். பஸ் வாங்கி, நிறுத்தம் கட்டி, மேட்டின் உச்சியில் வண்டி திரும்ப இடம் பிடித்து, ஓட ஆரம்பிக்க ஏழு மாதம் ஆகும் என்று குறித்துக்கொண்டார்கள்.

அன்றைக்குச் சாயந்திரமே புள்ளியம்மா மகள் வீட்டுக்குக் கிளம்பினாள். வாடகைக் கார் எடுக்க மனசு வரவில்லை. நெடுஞ்சாலையில் இறங்கி நடந்தாள். சாலைக்கு ஓரம் என்று ஒன்று இல்லை. லாரி வந்தால் பள்ளத்தில் இறங்கி நின்று, போனதும் ஏற வேண்டும். வாயெல்லாம் மண். முன்னாலும் பின்னாலும் பைகளோடு ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். பழக்க தோஷத்தில் எண்ண ஆரம்பித்தவள் அறுபதுக்கு மேல் எண்ணவில்லை. அரை மணியில் முட்டி இரண்டும் கெஞ்சின. ஏழு மாத வயிறு இல்லாமலே இந்தப் பாடு என்று நினைத்துக்கொண்டே ஏறினாள். மேலே ஏறி முடித்ததும் தெரிந்தது குடியிருப்பு, வரிசை வரிசையாக, பார்வை போகிற தூரம் வரை.

மகள் வீட்டு வாசற்படியில் சம்பந்தி உட்கார்ந்திருந்தார். முழங்கால் வரை புழுதி. அவரும் நடந்துதான் வந்திருக்கிறார். கதவு திறந்திருந்தும் அவரை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. செய்தி இவர்களுக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டது. தட்டச்சுக்காரியின் தங்கை அடுத்த தெருவில்தான் குடியிருக்கிறாள்.

மகள் நிலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. பின்னால் மாப்பிள்ளை.

"பஸ் முடிவாயிடுச்சுடி" என்றாள் புள்ளியம்மா.

"எப்ப வரும்?"

"ஏழு மாசம் ஆகும்மா" என்றார் சம்பந்தி, படியைப் பார்த்துக்கொண்டு.

"எனக்கு ரெண்டு மாசம்தான் இருக்கு மாமா."

மகளே தொடர்ந்தாள். குரலை உயர்த்தவில்லை, உயர்த்தியிருந்தால் தேவலை.

"எங்கம்மா எனக்காகக்கூடக் கணக்கை மாத்த மாட்டாங்கன்னு ஊரெல்லாம் பெருமையாச் சொன்னேன்மா. நீ படிக்கவே இல்ல. படிக்காம ஒப்பம் போட்டிருக்கே. மாமா, நீங்க தினமும் சாயந்திரம் போன் பண்ணி, கால் வலிக்குதாம்மா, பாத்து நடம்மான்னு சொன்னீங்க. ஒரு வருஷமா தெரிஞ்சுக்கிட்டே சொன்னீங்க."

"உள்ள வந்து பேசலாமே..." என்று ஆரம்பித்தாள் புள்ளியம்மா.

"வேண்டாம் அத்தை" என்றான் மாப்பிள்ளை. "அப்பா, நீங்களும் கிளம்புங்க."

"பஸ் வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் இங்க வராதீங்க" என்றாள் மகள். "கார் வெச்சுக்கிட்டும் வராதீங்க. பஸ் வந்தப்புறம் பஸ்ல வாங்க." கதவை மெதுவாகத்தான் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது நன்றாகக் கேட்டது.

இருவரும் அதே மேட்டில் இறங்கினார்கள், சாலையின் இந்த ஓரத்தில் ஒருவர், அந்த ஓரத்தில் ஒருவர். "எல்லாம் உங்களால வந்தது" என்று ஒரு லாரி போன பிறகு இவள் சொன்னாள். "எல்லாம் உங்களால வந்தது" என்று அடுத்த லாரி போன பிறகு அவர் சொன்னார். நெடுஞ்சாலையில் ஒரே பஸ்ஸில் ஏறி முன்னும் பின்னுமாக உட்கார்ந்தார்கள்.

இனியாவது ஒற்றுமையாக வேலை பார்த்து ஏழு மாதத்தை ஐந்தாகக் குறைத்திருப்பார்கள் என்று நினைப்பீர்கள். அவர்களும் அப்படித்தான் ஆரம்பித்தார்கள். ஒரே மேசையில் வரைபடத்தை விரித்துக்கொண்டு வாய்விட்டே பேசினார்கள். மேட்டின் உச்சியில் பஸ் எங்கே திரும்ப வேண்டும் என்ற இடத்தில் வந்து முட்டியது. அவர் காட்டிய இடத்தில் இன்னும் ஐந்நூறு வீடு வரப்போகிறது என்றாள் இவள். இந்தத் தடவை ஏழாவது கட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள். இவள் காட்டிய இடத்தில் சரிவு அதிகம் என்றார் அவர். இரண்டு பேர் சொன்னதும் சரிதான். ஆனால் அவள் சொன்னதற்காக அவர் விட்டுக்கொடுக்க மாட்டார், அவர் சொன்னதற்காக அவள் இறங்கி வர மாட்டாள். சண்டை இயக்குநர் வரை போய், கடைசியில் அவர் மூன்றாவதாக ஓர் இடத்தைக் காட்டி வாயடைப்பதற்குள் இரண்டு மாதம் ஓடிவிட்டது. ஏழு மாதம் ஒன்பதாயிற்று.

அதற்குள் ஒரு நாள் மாப்பிள்ளை போன் செய்தான். "பொண்ணு பொறந்திருக்கா அத்தை. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. பஸ் எப்ப வருது?"

புள்ளியம்மா மருத்துவமனைக்கு ஓடினாள். வாசலில் காவலாளி கையில் பார்வையாளர் பட்டியல். மகள் வேலை பார்க்கிற இடம். அங்கே எல்லாரும் அவள் பக்கம். "உங்க பேரு இல்லம்மா" என்றார் காவலாளி, மரியாதையாக. "அந்த ஐயா பேரும் இல்ல. அவருகிட்டயும் சொல்லிட்டேன்." எதிரே மரத்தடியில் சம்பந்தி கையில் ஒரு பையோடு நின்றுகொண்டிருந்தார். புள்ளியம்மா மரத்துக்கு மறுபுறம் போய் நின்றாள். பார்வை நேரம் முடிகிற வரை இருவரும் நின்றார்கள்.

பஸ் வந்த அன்றைக்குக் குழந்தைக்கு ஏழு மாதம். முதல் நடை காலை பத்து மணிக்கு. நெடுஞ்சாலை நிறுத்தத்துக்கு வருவதற்குள்ளேயே வண்டி பிதுங்கியது. புள்ளியம்மா முன்வாசலில் ஏறினாள், சம்பந்தி பின்வாசலில். உட்கார இடம் இல்லை. கூட்டம் நெரித்து நெரித்து இருவரையும் ஒரே கம்பிக்குக் கொண்டுவந்து சேர்த்தது. ஒரு பெண் புள்ளியம்மாவின் காலை மிதித்துவிட்டு, "தள்ளி நில்லும்மா, ரெண்டு வருஷமா நடந்த காலு இது" என்றாள். பஸ் முழுக்கச் சிரித்தது. இவர்கள் யாரென்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. நடந்தால் ஒரு மணி நேரம். ஒன்பது நிமிஷத்தில் மேலே போய்விட்டார்கள்.

கதவைத் திறந்தாள் மகள். இளைத்திருந்தாள். இடுப்பில் குழந்தை.

"பஸ்லதானே வந்தீங்க?"

புள்ளியம்மா உள்ளங்கையிலிருந்த பயணச்சீட்டைக் காட்டினாள். சம்பந்தியும் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். மகள் வழிவிட்டாள்.

ஏழு மாதமாக மனசுக்குள் கொஞ்சிக் கொஞ்சி வைத்திருந்ததையெல்லாம் கொட்டுவதற்குப் புள்ளியம்மா இரண்டு கையையும் நீட்டினாள். "வாடி என் ராசாத்தி, வாடி என் தங்கமே" என்றாள். குழந்தை அவள் முகத்தைக் கண்கொட்டாமல் பார்த்தது. உதடு பிதுங்கியது. வீறிட்டு அழுதுகொண்டு அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்தது. சம்பந்தி நாக்கைத் தட்டிச் சத்தம் காட்டினார். இன்னும் பலமாக அழுதது. அதே பஸ்ஸில் வந்திறங்கிய பக்கத்து வீட்டுக்காரி, அழுகைச் சத்தம் கேட்டுக் கையில் காய்கறிப் பையோடு எட்டிப் பார்த்தாள். பஸ்ஸில் காலை மிதித்த பெண்தான். "என்னடி கண்ணு?" என்று அவள் ஒரு கையை நீட்டியதும் குழந்தை தாவிப் போய், தோளில் சாய்ந்து, விக்கலை நிறுத்தியது.

மகள் இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. அதைத்தான் புள்ளியம்மாவால் தாங்க முடியவில்லை.

"உக்காருங்க. தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள் மகள். "அவளுக்கு நீங்க யாருன்னு தெரியாது."